மூன்றாம் தெருவுக்கு ஒரு கொடி

கடற்கரையில் ஒரு கம்பம் நட்டால் அது என்னவாகும் என்று பல்கலைக்கழகத்தில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மண்ணைப் பற்றிச் சொல்லித் தந்தார்கள், மழையைப் பற்றிச் சொல்லித் தந்தார்கள், செயற்கைக்கோள் படத்தில் வயலையும் குளத்தையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று ஒரு செமஸ்டர் முழுக்க உயிரை வாங்கினார்கள். திருவொற்றியூரில் ஓர் இரும்புக் குழாயை நட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் அதில் கட்சிக் கொடி ஏறிவிடும் என்பது மட்டும் எந்தப் பாடத்திலும் இல்லை. அதை நானேதான் கண்டுபிடித்தேன். அதற்கு விருது கொடுத்திருந்தால் பேசாமல் வாங்கிக்கொண்டிருப்பேன். வேறு எதற்கோ கொடுத்தார்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

என் பெயர் கார்குழலி. புவியியல் துறையில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். என் அம்மா கெங்கம்மா ராயபுரத்தில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வருஷக்கணக்காகச் சட்டைக்குக் காலர் தைத்தவள். கம்பெனியை மூடியபோது கையில் வந்ததை வைத்து, வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வாடகை வீட்டை விட்டுவிட்டு, திருவொற்றியூரில் கடலைப் பார்த்தபடி ஒரு வீடு வாங்கினாள். "இனிமே ஃபேன் போடத் தேவல குயலு, காத்து பிச்சுக்கும்" என்றாள். வாங்கிய நாளில் வாசலுக்கும் அலைக்கும் நடுவே பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். இப்போது அந்த இடத்தில் ஒரு கேரம் போர்டு வைக்கலாம், அதுவும் அலை உள்வாங்கும் நேரத்தில்.

எங்கள் கரையில் மூன்று தெருக்கள். தெற்கிலிருந்து வடக்காகப் போனால் எங்களுடையது கடைசி, மூன்றாம் தெரு. ஒரு புயலில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு வீடு போய்விட, அவர்களுக்குப் புழல் தாண்டி எங்கேயோ மாடி வீடு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் தூண்டில் வளைவு கேட்டு மனுப் போட்டோம். கடலுக்குள் கருங்கல்லைக் கொட்டி ஒரு கை போல நீட்டிவிடுவார்களே, அலை வேகத்தைத் தடுக்க, அதுதான் தூண்டில் வளைவு. ஓர் இன்ஜினியர் வந்தார். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். கடலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், எவ்வளவு மண் போகிறது என்பதற்கு அளவீடு எங்கே என்றார். அம்மா இடிந்து கிடந்த குளியலறைச் சுவரைக் காட்டினாள். "அது சுவரும்மா, அளவீடு இல்ல" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டார்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் ஆய்வுத் தலைப்பையே மாற்றினேன். அதுவரை மீஞ்சூர் வட்டாரத்தில் நிலம் எப்படி மனையாகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது கிடக்கட்டும், எங்கள் கரையை நானே அளக்கிறேன், அளந்து அந்த ஆளின் மேஜையில் போடுகிறேன், அம்மா வீடு போவதற்குள் கல் வந்து இறங்க வேண்டும் என்று கிளம்பினேன்.

என் நெறியாளர் வேதமாணிக்கம் சார்தான் துறைத் தலைவரும். நாசரேத் பக்கத்துக்காரர். நல்ல மனிதர், ஒரு குறையும் சொல்ல முடியாது, ஆனால் அவருக்குச் 'சாதனை' என்று ஒரு நோய். துறையின் இணையதளத்தில் 'மாணவர் ஆய்வும் சாதனைகளும்' என்று ஒரு பக்கம் உண்டு. அதில் ஒருவன் வினாடி வினாவில் இரண்டாம் பரிசு வாங்கியதும், இன்னொருத்தி ரத்ததானம் செய்ததும் மட்டும்தான் இருந்தது. வருஷக் கடைசியில் மதிப்பீட்டுக் குழு வருகிறது. அவருக்குத் தூக்கமே போய்விட்டது.

"எடுத்துக்கோம்மா, அருமையான தலைப்பு" என்றார். "ஆனா மூணாம் தெரு வேண்டாம்."

"சார், மண்ணு போறதே மூணாம் தெருவுலதான்."

"உங்க வீடு அங்கதானே இருக்கு? சொந்த வீட்டு வாசல அளந்தா அது ஆராய்ச்சி இல்லம்மா, குடும்பப் பிரச்சன. நாளைக்கு வைவால மொத கேள்வியே அதான் கேப்பான். மொத ரெண்டு தெருவ அள. அத வச்சு மூணாவதுக்கும் சேத்துச் சொல்லிக்கலாம்."

சரி என்று வந்துவிட்டேன். வேறு என்ன செய்ய, கையெழுத்து அவருடையது.

என் ஆராய்ச்சி முறையைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆள் உயரத்துக்கும் மேலான இரும்புக் குழாயில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்து, சென்டிமீட்டர் கோடு போட்டு, மணலில் ஆழமாக நட வேண்டும். கம்பம் வெளியே அதிகமாகத் தெரிந்தால் மண் போயிருக்கிறது. குறைவாகத் தெரிந்தால் மண் சேர்ந்திருக்கிறது. வாரா வாரம் போய் எண்ணைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான். இதற்குப் பெயர் ஆராய்ச்சி, இதற்கு உதவித்தொகை வேறு. ஆனால் பொது இடத்தில் கம்பம் நட ஆயிரத்தெட்டுக் கெடுபிடி இருப்பதால், மூன்று மாதம் அலைந்து, மொத்தக் கரைக்கும் சேர்த்துச் சீல் வைத்த அனுமதிக் கடிதம் வாங்கி, முதல் தெருவுக்கு எதிரே ஒன்றும் இரண்டாம் தெருவுக்கு எதிரே ஒன்றுமாக நட்டேன்.

இரண்டாவது வாரம் போனால் முதல் கம்பத்தின் உச்சியில் கொடி பறக்கிறது. எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன், நான் அந்தத் தெரு வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போக வேண்டும். வட்டச் செயலாளர் ஜெயவேல் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ண்ணா, அது ஆராய்ச்சிக் கம்பம்."

"தெரியும் பாப்பா. நீ பாட்டுக்குப் பண்ணு. கீய உன் ஆராய்ச்சி, மேல எங்க கொடி. இன்னா இப்ப?"

"பர்மிசன் நான் வாங்கினது."

"அதானே சொல்றேன். இன்னைக்கு எவன் குடுக்கறான் கம்பத்துக்குப் பர்மிசன்? கேட்டா கேசு, கோர்ட்டு, ஒரே பேஜாரு. நீ ஒயுங்கா சீல் வச்சு வாங்கியாந்துகீற. மேலிடத்துலயே கேட்டாங்க, யாருப்பா அந்தப் பொண்ணுன்னு. பெருமையா சொல்லிக்கீறேன், நம்ம ஏரியாதான்னு."

கொடியை அவிழ்க்கலாம் என்று கயிற்றில் கை வைத்தேன். நாலு பேர் எழுந்து நின்றார்கள். கையை எடுத்துவிட்டேன்.

விஷயம் இரண்டாம் தெருவுக்குப் போகாமல் இருக்குமா? அங்கே எதிர்க்கட்சிக்காரர் ஜார்ஜ். படகு இன்ஜின் மெக்கானிக், வாய் திறந்தால் மூடமாட்டார். மறுநாளே இரண்டாவது கம்பத்தில் அவர்கள் கொடி ஏறிவிட்டது. ஏறியதோடு நிற்கவில்லை. ஜெயவேல் கொடியைவிட உயரமாகப் பறக்க வேண்டும் என்று என் குழாயின் தலையில் இன்னொரு குழாயை வெல்டிங் வைத்துவிட்டார். ஜெயவேல் ஆட்கள் சும்மா இருப்பார்களா, அவர்களும் வெல்டிங் வைத்தார்கள். வார்த்தை தடித்தது, ஒருவருக்கு மூக்கு உடைந்தது, போலீஸ் வந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் ராமசெல்வி ஸ்டேஷனில் சமாதானக் கூட்டம் போட்டார். ஒரு பக்கம் ஜெயவேல், ஒரு பக்கம் ஜார்ஜ், நடுவில் குற்றவாளி மாதிரி நான்.

"எம்மா, நட்டது நீ. நட்டவளுக்கு ஒரு பொறுப்பு வேண்டாமா?" என்றார்.

"மேடம், நான் கடல அளக்கத்தான் நட்டேன்."

"கடல ஏம்மா அளக்க, அது எங்க போகப்போவுது? இந்தா பாரு. கொடிய அவுத்தா கலவரம். கம்பத்தப் பிடுங்குனாலும் கலவரம். ரெண்டும் அப்படியே நிக்கட்டும். இனிமே புதுசா ஒரு கம்பமும் ஒரு கட்சிக்கும் கிடையாது. நீ நம்பர் பாக்கணும்னா ரெண்டு தரப்புலயும் ஆள் நிக்கணும், எங்க கான்ஸ்டபிளும் நிக்கணும். பொறவு வந்து, எங்க கம்பத்தத் தொட்டா, அசைச்சான்னு எவனும் சொல்லப்படாது."

அன்றிலிருந்து என் கள ஆய்வு ஓட்டு எண்ணிக்கை மாதிரி நடந்தது. நான் குனிந்து கோட்டைப் பார்ப்பேன். இரண்டு பக்கத்து ஏஜெண்டுகளும் கூடவே குனிவார்கள். கான்ஸ்டபிள் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நிற்பார். நான் உரக்கச் சொல்ல வேண்டும். "முதல் தெரு, தொண்ணூறு." ஜெயவேல் பக்கம் கைதட்டல். "இரண்டாம் தெரு, எண்பத்து நாலு." ஜார்ஜ் பக்கம் கப்சிப்.

"அது எப்டி பாப்பா எங்களுது மட்டும் கம்மி? ஒரே குழாதானே, ஒரே கடைல வாங்குனதுதானே?" என்றார் ஜார்ஜ்.

"கம்மின்னா நல்லதுண்ணா. உங்க பக்கம் மண்ணு இருக்குன்னு அர்த்தம்."

"அதெல்லாம் உன் காலேஜ்ல. வெளிய வந்தா எங்க கம்பம் குள்ளம்னு பேசறான்."

அடுத்த வாரம் போனால் ஜார்ஜ் கம்பத்தைச் சுற்றிப் பள்ளம். ஆள் வைத்து மணலைத் தோண்டிக் கம்பத்தை உயரமாக்கியிருக்கிறார்கள். எண்ணும் நூற்றிப் பத்து ஆகியிருக்கிறது. ஜெயவேல் பக்கமும் மண்வெட்டியோடு வரிசையாக நிற்கிறார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கடல் தின்பது போதாதென்று இவர்களே அள்ளிப் போடுகிறார்களே. இரண்டு பேரையும் கூப்பிட்டு, மண் போனால் கம்பம் ஒருநாள் கொடியோடு கடலில் விழும், எவன் கொடி முதலில் விழுகிறதோ அவன் மானம் முதலில் போகும் என்று சொல்லிவிட்டேன். படித்த படிப்பில் நான் சொன்ன ஒரே உருப்படியான விஷயம் அதுதான் என்று அப்போது நினைத்தேன்.

மானம் என்று சொன்னேன், அவ்வளவுதான். இரண்டு நாளில் லாரிகள் வந்தன. ஜெயவேல் கருங்கல்லாகக் கொண்டுவந்து கம்பத்தைச் சுற்றிக் கொட்டினார். ஜார்ஜ் பதினைந்து லாரி கல்லும் அதற்கு மேல் மண்ணும் கொட்டினார். எங்கிருந்து கல், யார் காசு என்று கேட்டால், "கொடிக்குத்தானே" என்றார்கள், மொத்தக் கதையும் அதில் அடங்கிவிட்டது. ஜெயவேல் அலை அடிக்காமல் இருக்கக் கடலுக்குள்ளேயே கல்லை நீட்டினார். ஜார்ஜ் அதைவிட நீளமாக நீட்டினார். எந்த ஆபீஸும் வருஷக்கணக்காகப் போடாத தூண்டில் வளைவை, ஒரு மாதத்தில் இரண்டு கொடிக்காக இரண்டு கட்சியும் போட்டு முடித்தன. பீடத்துக்கு டைல்ஸ் ஒட்டி, மாலையில் சீரியல் லைட் வேறு எரிந்தது.

இப்போது போட்டி தலைகீழானது. எண் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு பெருமை. "எங்காண்ட மண்ணு எப்டிக் கீது பாத்தியா" என்று ஜெயவேல் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

என் வரைபடத்தைப் பார்த்த வேதமாணிக்கம் சார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். கரையின் கோடு கிடுகிடுவென்று மேலே ஏறியிருந்தது.

"எம்மா, கடல் பின்வாங்குது."

"கடல் பின்வாங்கல சார். லாரியில மண்ணு வந்து கொட்டுது."

"லாரிய யார் ஓட்டுறா? மனுசன். மனுசத் தலையீடும் புவியியல்தாம்மா. உன் கம்பம் வந்தது, கரை வளந்துது. மொதல்லயும் முடிவுலயும் நீதான் இருக்க." உடனே கம்ப்யூட்டரில் அந்தச் சாதனைப் பக்கத்தைத் திறந்துவிட்டார்.

நான் அவரிடம் சண்டை போடப் போனது வேறு விஷயத்துக்கு. அதைச் சொல்லவே விடவில்லை மனிதர். எங்கள் கடலில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். நடுவில் கல்லைப் போட்டு மறித்தால், மறித்த இடத்தில் மணல் தங்கும், அதற்கு வடக்கே இருப்பவனுக்குப் பட்டினி. முதல் தெருவையும் இரண்டாம் தெருவையும் விட்டுவிட்ட அலை, மொத்தமாக எங்கள் மூன்றாம் தெருவுக்கு வந்தது. வாசற்படி போயிற்று. அம்மா கேஸ் சிலிண்டரைப் பின்பக்கம் உருட்டி வைத்தாள். டிவி ஷெல்பில் இருந்த புத்தர் சிலையைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். கேட்டால், தூசி படுதும்மே, அதான் என்றாள். கல்லைக் கொட்ட வைத்தது என் வாய்தானே.

"சார், மூணாம் தெருவ அளக்கணும். இந்த வாரமே அளக்கணும்."

"அளக்கலாம்மா, யார் வேண்டாங்கா? கமிட்டி வந்துட்டுப் போகட்டும். இப்பப் போயி ஒரு கோட்ட கீழ எறக்காத."

மதிப்பீட்டுக் குழு வந்த நாளில் பல்கலைக்கழக வாசலில் ஒரு பேனர். 'கடலைப் பின்வாங்கச் செய்த ஆய்வு மாணவி கார்குழலியை வாழ்த்துகிறோம்.' என் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைப் பெரிதாக்கி, பின்னால் ஏதோ வெளிநாட்டுக் கடலைப் போட்டிருந்தார்கள். கீழே ஜெயவேல் படம் ஒரு மூலையில், ஜார்ஜ் படம் ஒரு மூலையில், அளவில் ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லாமல். இரண்டு பேரும் முன் வரிசையில் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவை வரச் சொல்லியிருந்தேன். வீட்டை விட்டு வர முடியாது, தண்ணீர் ஏறும் நேரம் என்றாள்.

கேடயத்தைக் கையில் கொடுத்து, கண்டுபிடிப்பைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் முடிவு பண்ணிக்கொண்டுதான் மேடை ஏறினேன்.

"கடல் பின்வாங்கவில்லை" என்றேன். "கம்பத்தில் கட்சிக் கொடி கட்டினார்கள். கொடி விழக் கூடாது என்று கல் கொட்டினார்கள். கொடி இருக்கும் இரண்டு தெருவும் தப்பித்துவிட்டன. கொடி இல்லாத மூன்றாவது தெருவைக் கடல் தின்கிறது. அங்கேதான் என் அம்மா இருக்கிறாள். இது சாதனை இல்லை, தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்."

வேதமாணிக்கம் சார் முகம் வெளுத்துவிட்டது. குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார்.

"அதாவது, மக்கள் தாங்களாகவே முன்வந்து, தங்கள் சொந்தச் செலவில் கரையைப் பாதுகாத்திருக்கிறார்கள்?"

"கொடிக்காகத்தான் சார்."

"மக்கள் பங்கேற்பு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். "ரெண்டு எதிரெதிர்க் கட்சிகள் ஒரே ஆய்வுல. நான் இதுவரைக்கும் எந்தத் துறையிலயும் பார்த்ததில்ல." அவர் எழுந்து கைதட்ட, மண்டபமே கைதட்டியது. ஜெயவேலும் ஜார்ஜும் எழுந்து எல்லாப் பக்கமும் கும்பிட்டார்கள். துறைக்கு அந்தத் தலைப்பில் முழு மதிப்பெண் கிடைத்தது.

உண்மையைச் சொல்லித் தோற்றவள் என்ன செய்வாள்? பார்க்கிங்கில் ஜெயவேலைப் பிடித்தேன். வெட்கம் எல்லாம் பார்க்கிற நிலையில் நான் இல்லை.

"ண்ணா, மூணாம் தெருவுல நான் ஒரு கம்பம் நடறேன். உங்க கொடிய கட்டுங்கண்ணா."

அவர் புல்லட்டில் சாய்ந்து கொஞ்ச நேரம் யோசித்தார். பொய் சொல்லக் கூடாது, உண்மையாகவே யோசித்தார்.

"அங்க எத்தினி வூடு கீது இப்போ?"

"பதினோரு வீடு."

"பாதிப் பேரு வோட்ட புழல் பக்கம் மாத்திகினு பூட்டான். உங்கம்மா வோட்டு எங்க கீது?"

ரேஷன் கார்டை மாற்ற அலைய வேண்டும் என்று அம்மா எதையுமே மாற்றவில்லை. "வியாசர்பாடியில" என்றேன்.

"அவ்ளோதான் பாப்பா" என்றார். குரலில் கோபம் இல்லை, கேலி இல்லை. "அங்க கொடி கட்டி நான் யாருக்குக் காட்டறது?"

ஜார்ஜிடமும் கேட்டேன். வாய் மூடாத மனிதர், என் தோளில் தட்டிவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாம் தெருவை அளக்கச் சாரின் அனுமதி மட்டும் மறுநாளே வந்துவிட்டது. அம்மா வீட்டுக்கு எதிரே கம்பத்தை நட்டேன். சீல் வைத்த கடிதத்தின் நகலை லேமினேட் பண்ணி அதிலேயே கட்டினேன். யாருக்கும் சிரமம் வேண்டாம் என்று உச்சியில் வளையம் வைத்து நைலான் கயிறும் போட்டுத் தொங்கவிட்டேன். கொடி ஏறினால் காவல் வேண்டும் என்று நானே காவல் இருந்தேன். ஒரு வாரம் ஆயிற்று, காக்கைகூட உட்காரவில்லை.

அம்மா தையல் மிஷினை எடுத்து வைத்தாள். அவளுக்கா கொடி தைக்கத் தெரியாது? ஜெயவேல் கட்சிக்கு ஒன்று, ஜார்ஜ் கட்சிக்கு ஒன்று, ஓரத்தில் காலருக்குப் போடுகிற இரட்டைத் தையலே போட்டாள். "ரெண்டயும் ஏத்து. எவனாவது ஒருத்தன் கோவப்பட்டு வருவான். வந்தா கல்லோட வருவான்" என்றாள். ஒரே கம்பத்தில் இரண்டு கட்சிக் கொடியையும் ஏற்றினேன். எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய வம்பு கிடையாது. மூக்கு உடையும் என்று எதிர்பார்த்தேன், ஆசையாகக்கூட எதிர்பார்த்தேன்.

காலையில் ஜெயவேலும் ஜார்ஜும் வந்தார்கள். ஒரே வண்டியில் வந்தார்கள், ஜார்ஜ் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஜெயவேல் கயிற்றை அவிழ்க்க, ஜார்ஜ் கொடி தரையில் படாமல் பிடித்துக்கொண்டார். இரண்டையும் ஒழுங்காக மடித்து அம்மா கையில் கொடுத்தார்கள்.

"சொம்மா கொடி ஏத்தக் கூடாது அக்கா. கட்சில பதிவு ஆன கம்பம்தான் கணக்கு" என்றார் ஜெயவேல்.

"தையல் சூப்பராக் கீதுக்கா" என்றார் ஜார்ஜ். "மாநாட்டுக்கு ஆர்டர் தரேன், தச்சுக் குடு."

கொடியை அவிழ்த்தால் கலவரம் என்றார்களே, ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. புதுசா ஒரு கம்பமும் கிடையாது என்ற ராமசெல்வி மேடத்துக்கு நானே போன் போட்டேன். "ஒரு பிரச்சனையும் இல்லல்லா? பொறவென்ன" என்று வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அந்தக் கம்பத்தை யாரும் தொடவில்லை. வெல்டிங் இல்லை, பள்ளம் இல்லை, பீடம் இல்லை. என் ஆய்விலேயே மனிதக் கை படாத சுத்தமான அளவீடு அது ஒன்றுதான். நூற்றிப் பத்து, நூற்றி இருபத்தைந்து, நூற்றி நாற்பத்தெட்டு. வேதமாணிக்கம் சார் பார்த்துவிட்டு, இது தங்கம்மா, இதை வைத்தே தீசிஸ் முடித்துவிடலாம் என்றார். அவர் மீது எனக்குக் கோபம்கூட வரவில்லை. அளவீட்டை எல்லா ஆபீஸுக்கும் அனுப்பினேன். இன்னும் இரண்டு மாதம் அளந்து முழுசாகக் கொடுத்தால் பரிசீலிப்பதாகப் பதில் வந்தது.

நேற்றுக் காலை அலை முழங்காலுக்கு வந்தது. கம்பம் வடக்குப் பக்கம் சாய்ந்துவிட்டது. சாய்ந்த கம்பத்தில் படித்தால் எண் தப்பாக வரும் என்று நான் தண்ணீரில் தடுமாறிக்கொண்டிருந்தேன். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி வந்தாள். கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து நேராக நிமிர்த்தினாள்.

"இப்போ ஒயுங்காக் கீதா?"

"இருக்கும்மா. அசையாத."

குனிந்து கோட்டைத் தேடினேன். பின்னால் பெரிய சத்தம் கேட்டது. சமையலறைப் பக்கத்துச் சுவர் என்று இரண்டு பேருக்குமே தெரியும். நான் திரும்பிப் பார்க்கப் போனேன்.

"அங்க பாக்காத" என்றாள் அம்மா, கம்பத்தை விடாமல். "மொதல்ல நம்பரச் சொல்லு."

சொன்னேன்.